மாடி போர்ஷன் காலி

ஃபிலோமினா, நீ கேட்ட வீடு இன்னும் காலிதான்.
நெல்லித்தோப்பு சிக்னலிலிருந்து நடக்கிற தூரம்.
தண்ணீர் விடியற்காலை ஐந்துக்கு, ஒரு மணி நேரம்.
மழைக்கு முன் வாய்க்கால் நாற்றம் வரும்,
மழைக்குப் பின் வாய்க்காலே வரும்.
அட்வான்ஸ் முப்பதாயிரம் என்பார் புரோக்கர் குப்புராஜ்.
இருபத்தைந்துக்கு இறங்குவார்.

ஏரியா எப்படி என்று கேட்டாய்
டூட்டி மாற்றும் அவசரத்தில்,
கையில் குளுக்கோஸ் பாட்டிலோடு,
ஒரு சொல் போதும் என்பதுபோல.

நான் குடிவந்த இரண்டு வருஷத்தில் போனவை:
மூன்று பைக்,
மாதா கெபி உண்டியல்,
என் ஸ்கூட்டரின் பெட்ரோல் (அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை),
ரெஜினா கழுத்துச் செயின்.
கவரிங் என்று தெரிந்ததும்
மறுநாள் அவள் கேட்டிலேயே தொங்கவிட்டுப் போயிருந்தார்கள்.
பறிகொடுத்ததைவிட அதற்குத்தான் அழுதாள்.

கொலை ஒன்று.
அது நான் வருவதற்கு முன்.
என் வாடகையில் ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது அதனால்தான் என்று
எட்டு மாதம் கழித்து இஸ்திரிக்காரர் சொன்னார்,
என் யூனிஃபார்ம்களை எண்ணிக்கொண்டே.
அதிலிருந்து மாதாமாதம் ஐந்தாம் தேதி
ஒருவன் விழுந்த இடத்திலிருந்து
ஆயிரத்து ஐந்நூறு எடுத்துக்கொள்கிறேன்.
என் மகளின் டியூஷன் ஃபீஸும் அதே தொகை.

அப்புறம் விளக்கு.
பதினேழாம் நம்பர் கம்பம் மார்கழியில் அணைந்தது.
கடற்கரைப் பக்கம் அப்போது
எரிகிற விளக்குகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
மனு கொடுத்தோம்.
கேமரா வைத்தார்கள்.
இருபத்து நான்கு மணி நேரமும்
இருட்டைப் பதிவு செய்கிறது.

அந்தக் கம்பத்தடியில்தான் மதியழகன் உட்காருவான்.
பேப்பரில் அவன் பெயருக்கு முன்னால் ஒரு பூனை உண்டு.
இரண்டாவது அக்யூஸ்ட். ஜாமீன்.
தினமும் காலை பத்துக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.
வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை,
பார்த்தால் பேங்க் வேலைக்குப் போகிறவன்.

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நான் திரும்ப
இரவு பத்தாகும்.
என் வண்டிச் சத்தம் அவனுக்குத் தெரியும்.
பேச்சை நிறுத்திவிட்டு
செல்போன் டார்ச்சைத் தரையில் அடிப்பான்,
மூடி காணாமல் போன சாக்கடைப் பள்ளம் வரை,
அங்கிருந்து என் கேட் பூட்டு வரை.
முகத்தில் ஒருநாளும் அடித்ததில்லை.
நான் திறக்கும்வரை வெளிச்சம் அசையாது.
உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவேன், இரண்டு.
இரண்டாவதை
அவனுக்குக் கேட்காமல் போடுவேன்.

நன்றி சொன்னதில்லை.
சொன்னால் பெயர் கேட்பான்.
அல்லது
தெரியும் என்பான்.

போன வாரம் யாரோ மந்திரி வருகிறார் என்று
சிவப்புக் கெப்பிகள் வந்து
அவனையும் இன்னும் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மூன்று நாள் தெரு பாதுகாப்பாக இருந்தது.
முதல் நாளே வண்டியோடு பள்ளத்தில் இறங்கினேன்.
முழங்காலில் நான்கு தையல்.
கட்டு மாற்றியது நீதான், ஃபிலோமினா,
எப்படி விழுந்தாய் என்றாய்,
நாய் என்றேன்.

ஏரியா எப்படி என்றா கேட்டாய்?
பகலில் வந்து பார்க்காதே,
பகலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.
குப்புராஜிடம் கொலை விஷயம் தெரியும் என்று சொல்,
உனக்கும் ஆயிரத்து ஐந்நூறு குறைப்பார்.
கதவில் எத்தனை தாழ்ப்பாள் என்று எண்ணு.

நீ வந்தால்
பத்து மணிக்கு இரண்டு ஸ்கூட்டர்.
யார் வீட்டுப் பூட்டுக்கு முதலில் வெளிச்சம் என்று
அவனும் கொஞ்சம் குழம்பட்டும்.